கனடாவின் இரட்டைத் தலைமை: அமைச்சரவையின் இரண்டாவது பெயருக்கு உண்மையில் என்ன அதிகாரம் இருந்தது?

நிலாமுற்றம் (கேள்வி):

1867-க்கு முந்தைய கனடா அமைச்சரவைகளைப் புரட்டினால் பெரும்பாலும் இரண்டு பெயர் சேர்ந்தே வருகிறது. லாஃபோந்தேன்–பால்ட்வின், ஹிங்க்ஸ்–மோரேன், மெக்டொனால்டு–கார்த்தியே, பிரவுன்–தோரியோன். ஒருவர் பிரெஞ்சு, இன்னொருவர் ஆங்கிலம். எனக்கு மூன்று இடங்களில் தெளிவு வேண்டும்.

முதலாவது, இந்த இரண்டாவது பெயர் மரியாதைக்குச் சேர்த்ததா, இல்லை அவரிடம் நிஜமான அதிகாரம் இருந்ததா? இரண்டாவது, 1867-இல் கூட்டாட்சி வந்ததும் பிரதமர் ஒருவர்தான் என்று ஆகிவிட்டது. அதன் பிறகு பிரெஞ்சுப் பக்கத்தை யார் கவனித்தார்கள்? மூன்றாவது, 1896-இல் பிரதமரான வில்ஃப்ரிட் லோரியே பிரெஞ்சு மொழிக்காரர், கத்தோலிக்கர். அப்படியிருந்தும் மனிடோபா கத்தோலிக்கர் இழந்த பள்ளிகளை அவர் ஏன் மீட்டுத் தரவில்லை?

"இரு இனமும் கைகோத்தது" என்கிற பாடப்புத்தக விளக்கம் வேண்டாம். எந்தச் சட்டம், எத்தனை இடம், யார் கையில் வாக்கு என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

ஏட்டுச்சுவடி:

முதல் கேள்வியை நான் எடுத்துக்கொள்கிறேன். இரண்டாவது பெயரில் பாதி நாட்டின் வாக்கு இருந்தது. அதுதான் அந்த அதிகாரம்.

1837–38 கலகங்களுக்குப் பிறகு பிரிட்டன் அனுப்பிய ஆளுநர் டர்ஹம் பிரபு 1839-இல் ஓர் அறிக்கை கொடுத்தார். மேல் கனடாவையும் (இணைப்புக்குப் பின் மேற்குக் கனடா, இன்றைய ஒன்டாரியோ) கீழ்க் கனடாவையும் (கிழக்குக் கனடா, இன்றைய கியூபெக்) ஒன்றாக்கினால் பிரெஞ்சுக்காரர்கள் காலப்போக்கில் ஆங்கிலேயரோடு கரைந்துவிடுவார்கள் என்பது அவர் கணக்கு. 1840-இல் இணைப்புச் சட்டம் நிறைவேறி, 1841 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. கிழக்குக் கனடாவில் அப்போது ஏறத்தாழ 6,50,000 பேர், மேற்கில் ஏறத்தாழ 4,50,000 பேர். ஆனால் சட்டமன்றத்தில் ஆளுக்கு 42 இடம். மேற்கின் 42-உம் கிழக்கில் இருக்கும் ஆங்கிலேயத் தொகுதிகளும் சேர்ந்தால் பிரெஞ்சுக்காரர்கள் நிரந்தரச் சிறுபான்மை. அதோடு 41-ஆம் பிரிவு சட்டமன்றப் பதிவேடுகள் ஆங்கிலத்தில் மட்டும்தான் இருக்க வேண்டும் என்றது. மேற்கின் பெரிய கடன் சுமையும் பொதுக் கணக்கில் ஏற்றப்பட்டது. கிழக்குக்கு இது மூன்று பக்கத்திலிருந்தும் விழுந்த அடி.

இந்தக் கணக்கு பலிக்க ஒரு நிபந்தனை உண்டு. மேற்கின் 42 பேரும் ஒரே பக்கம் வாக்களிக்க வேண்டும். அது நடக்கவில்லை. மேற்கில் டோரிகளும் (பழமைவாதிகள்) சீர்திருத்தக் கட்சியினரும் ஒருவரையொருவர் ஒழிக்கப் பார்த்தார்கள். அமைச்சரவை ஆளுநருக்கு அல்லாமல் சட்டமன்றத்துக்கே பதில் சொல்ல வேண்டும் என்பது மேற்கின் சீர்திருத்தத் தலைவர் ராபர்ட் பால்ட்வினின் கோரிக்கை. அதை வெல்ல அவருக்குப் பிரெஞ்சு வாக்குகள் வேண்டும். 41-ஆம் பிரிவை எடுக்கக் கிழக்கின் பிரெஞ்சுத் தலைவர் லூயி-இப்போலித் லாஃபோந்தேனுக்கு ஆங்கிலேயக் கூட்டாளிகள் வேண்டும். 1839-லிருந்தே ஃபிரான்சிஸ் ஹிங்க்ஸ் லாஃபோந்தேனுக்குக் கடிதம் எழுதி இந்த உடன்பாட்டுக்கு வழி போட்டுவந்தார்.

இது காகிதத்தோடு நின்ற உடன்பாடு அல்ல என்பதைத் தொகுதிகளில் பார்க்கலாம். 1841 தேர்தலில் லாஃபோந்தேன் தெரபோன் தொகுதியில் நின்றார். எதிர்த்தரப்பின் ஆயுதம் தாங்கிய கும்பல் வாக்குச்சாவடியை மறித்தது. ரத்தம் சிந்த வேண்டாம் என்று அவர் விலகினார். பால்ட்வின் அந்தத் தேர்தலில் இரண்டு தொகுதிகளில் வென்றிருந்தார். அதில் ஒன்றான யார்க் நான்காவது தொகுதியைக் காலி செய்து லாஃபோந்தேனுக்குக் கொடுத்தார். ஆங்கிலம் பேசும் மேற்குக் கனடாவின் விவசாயிகள் செப்டம்பரில் ஒரு பிரெஞ்சுக்காரரைத் தேர்ந்தெடுத்து அனுப்பினார்கள். அடுத்த ஆண்டு பால்ட்வின் அமைச்சரானார். அமைச்சரானவர் தொகுதியில் மறுபடி நின்று வெல்ல வேண்டும் என்பது அன்றைய விதி. அவர் தோற்றார். 1843 ஜனவரியில் கிழக்கின் ரிமூஸ்கி தொகுதி அவரைப் போட்டியின்றி அனுப்பியது. தொகுதியைக் கொடுத்துத் தொகுதியை வாங்குவது என்பது அன்றைக்கு இப்படித்தான் நடந்தது.

நிர்வாகத்திலும் இரட்டை ஏற்பாடுதான். கிழக்கில் பிரெஞ்சு வழிவந்த உரிமையியல் சட்டம், மேற்கில் ஆங்கிலப் பொதுச் சட்டம். ஒரே ஆள் இரண்டையும் நடத்த முடியாது. அதனால் ஒவ்வொரு பாதிக்கும் தனி அட்டர்னி ஜெனரல், அதாவது அரசின் தலைமைச் சட்ட அமைச்சர். லாஃபோந்தேன் கிழக்குக்கு, பால்ட்வின் மேற்குக்கு. அந்தந்தப் பாதியின் நியமனங்களும் அவரவர் கையில். இரண்டு பெயர் இந்த இரண்டு நாற்காலிகளிலிருந்து வந்தது.

பலன் வர ஏழெட்டு ஆண்டுகள் பிடித்தன. 1848-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் மொழித்தடையை நீக்கியது. 1849 ஜனவரியில் ஆளுநர் எல்கின் பிரபு தொடக்க உரையை இரண்டு மொழியிலும் வாசித்தார். அதே ஆண்டு ஏப்ரல் 25 அன்று கலகத்தில் சேதமடைந்த கீழ்க் கனடா சொத்துகளுக்கு இழப்பீடு தரும் மசோதாவில் அவர் கையெழுத்திட்டார். ராஜதுரோகத்துக்காகத் தண்டிக்கப்பட்டவர்களுக்கும் பெர்முடாவுக்கு நாடு கடத்தப்பட்டவர்களுக்கும் இழப்பீடு இல்லை என்று மசோதாவிலேயே எழுதியிருந்தும், அன்றிரவு மாண்ட்ரியலில் ஆங்கிலேய டோரி கும்பல் நாடாளுமன்றக் கட்டிடத்தை எரித்தது. நூலகமும் சேர்ந்து சாம்பலானது. எல்கின் பதிலடி கொடுக்கத் துருப்புகளை ஏவவில்லை, மசோதாவையும் திரும்பப் பெறவில்லை. அந்த நிதானத்துக்கு அவர் பெரிய பாராட்டுக்கு உரியவர் என்பது என் உறுதியான கருத்து.

ஏற்பாடு பழுதானது மக்கள்தொகையால். 1851 கணக்கெடுப்பில் மேற்கு 9,52,004, கிழக்கு 8,90,261. பிரெஞ்சுக்காரரை அடக்கப் போட்ட சம இடங்கள் இப்போது அவர்களுக்கே கேடயமாகிவிட்டன. மேற்கின் சீர்திருத்தக் கட்சியைச் சேர்ந்த ஜார்ஜ் பிரவுன் "மக்கள்தொகைப்படி இடம்" என்று முழங்கத் தொடங்கினார். கிழக்கு அதை ஒப்புக்கொள்ளவே முடியாது. "இரட்டைப் பெரும்பான்மை", அதாவது இரண்டு பாதியிலும் பெரும்பான்மை இருந்தால்தான் ஆட்சி, என்ற யோசனையையும் சோதித்தார்கள். கிழக்கில் வென்றது பழமைவாதிகள், மேற்கில் வென்றது சீர்திருத்தக் கட்சி. இரண்டும் ஒரே மேசையில் உட்காராது. 1863-இல் மேற்குக் கனடாவின் கத்தோலிக்கப் பள்ளிகளுக்கான சட்டம் மேற்கு உறுப்பினர்களில் பெரும்பாலோர் எதிர்த்தும் கிழக்கின் வாக்குகளால் நிறைவேறியபோது அந்தக் கொள்கை செத்துப்போனது. 1861-க்கும் 1864-க்கும் இடையில் இரண்டு பொதுத்தேர்தல், நான்கு அமைச்சரவை. 1864 ஜூனில் பிரவுனே மேற்கின் பழமைவாதத் தலைவர் மெக்டொனால்டோடும் கிழக்கின் பழமைவாதத் தலைவர் கார்த்தியேயோடும் கூட்டணிக்கு வந்ததற்கு இந்த முட்டுச்சந்துதான் காரணம்.

பனிக்கொக்கு:

இரண்டாவது கேள்விக்கு 1867 ஜூலை 1-இன் அமைச்சரவைப் பட்டியலே பதில். மொத்தம் 13 நாற்காலி. ஒன்டாரியோ 5, கியூபெக் 4, நோவா ஸ்கோஷியா 2, நியூ பிரன்ஸ்விக் 2.

இந்த எண்களைப் பின்னாலிருந்து படிக்க வேண்டும். கியூபெக்கில் பிரெஞ்சு அமைச்சர்கள் மூவருக்குக் குறையக்கூடாது: கார்த்தியே, லாஞ்செவேன், ஷப்பே. கியூபெக்கின் ஆங்கிலப் புராட்டஸ்டன்ட் வணிகர்களுக்கு ஓர் ஆள் வேண்டும்: நிதிக்கு கால்ட். நான்கு முடிந்தது. ஆனால் ஐரிஷ் கத்தோலிக்கர்களின் பெரும் பேச்சாளர் டார்சி மெகீயும் கியூபெக்கைச் சேர்ந்தவர். அவரைச் சேர்த்தால் கியூபெக் 5. அப்போது ஒன்டாரியோ 5-இல் நிற்காது, 6 கேட்கும். ஒன்டாரியோவின் ஐந்தில் மூவர் சீர்திருத்தக் கட்சியிலிருந்து வந்தவர்கள், அதையும் குறைக்க முடியாது. மாதக்கணக்காக உழைத்த கூட்டணி இந்த ஒரு நாற்காலியில் வந்து முட்டியது.

தீர்வு கடல்மாகாணத்திலிருந்து வந்தது. நோவா ஸ்கோஷியாவை ஒன்றியத்துக்குள் கொண்டுவந்த சார்லஸ் டப்பர் ஒதுங்கிக்கொண்டார், மெகீயும் ஒதுங்கினார். ஹாலிஃபாக்ஸைச் சேர்ந்த ஐரிஷ் கத்தோலிக்கர் எட்வர்ட் கென்னி டப்பரின் இடத்தில் வந்தார். ஒரே ஆளால் மாகாணக் கணக்கும் மதக் கணக்கும் நேரானது. கூட்டாட்சிக்காக மிக அதிகமாக உழைத்த இருவர் முதல் அமைச்சரவையில் இல்லை. அதுதான் அந்த நாற்காலியின் விலை. மாகாணம், மொழி, மதம், கட்சி என்று ஒவ்வோர் அமைச்சருக்கும் நான்கு அடையாளம் பார்க்கும் இந்தப் பழக்கம் அப்போது உறுதிப்பட்டு, அதன் பிறகு கனடாவில் எந்தப் பிரதமராலும் தவிர்க்க முடியாததாகிவிட்டது.

கார்த்தியேயின் நிஜமான வேலை அவர் வகித்த பாதுகாப்புத் துறையைவிடப் பெரியது. கியூபெக்கில் யாரை எங்கே நிறுத்துவது, யாருக்கு எந்தப் பதவி, ஆயர்களிடம் என்ன பேசுவது, எந்த மசோதா கியூபெக்கில் செல்லாது என்று பிரதமரிடம் முகத்துக்கு நேரே சொல்வது, எல்லாம் அவர்தான். சொல்லும் தகுதி அவருக்கு இருந்ததற்குக் காரணம், அவர் கையில் இருந்த வாக்குகள் மெக்டொனால்டு கொடுத்தவை அல்ல. அன்றைய பட்ட விவகாரமும் இதையே காட்டுகிறது. ஜூலை 1 அன்று பிரதமர் மெக்டொனால்டுக்கு நைட் பட்டம், கார்த்தியேக்கும் கால்ட்டுக்கும் அதற்குக் கீழான பட்டம். இருவருமே மறுத்துவிட்டார்கள். கார்த்தியே மறுத்தது தனக்காக மட்டும் என்று நான் நினைக்கவில்லை. சம பங்காளியாகச் சேர்ந்த மக்களின் தலைவனுக்கு ஒரு படி கீழே இடம் கொடுப்பதை அவர் ஏற்றுக்கொள்ள முடியாது. 1868-இல் அவருக்கு நைட்டுக்கும் மேலான பேரனெட் பட்டம் தந்து அதைச் சரிசெய்தார்கள்.

1873 மே மாதம் கார்த்தியே இறந்தார். அவர் இடத்துக்கு வந்த லாஞ்செவேனுக்கு அந்தச் சொந்தச் செல்வாக்கு இல்லை, பின்னால் வந்த ஷாப்லோவோடு போட்டி வேறு. 1885 நவம்பர் 16 அன்று, மேற்கில் மெட்டி மக்களின் (பிரெஞ்சு–பழங்குடிக் கலப்பு மரபினர்) கலகத்துக்குத் தலைமை தாங்கிய லூயி ரியெல் ரெஜைனாவில் தூக்கிலிடப்பட்டபோது லாஞ்செவேன், ஷாப்லோ, காரோன் ஆகிய மூன்று பிரெஞ்சு அமைச்சர்களாலும் தடுக்க முடியவில்லை, பதவி விலகவும் இல்லை. ஆறு நாள் கழித்து மாண்ட்ரியல் ஷான் த மார்ஸ் மைதானத்தில் பெருங்கூட்டம் திரண்டது. அந்தக் கோபத்தின் மேல் ஏறி ஓனொரே மெர்சியே 1887-இல் கியூபெக் முதல்வரானார்.

நிலாமுற்றம்:

இருவருக்கும் மிக்க நன்றி. ஒன்று மட்டும் இன்னும் பிடிபடவில்லை. கார்த்தியே இவ்வளவு வலுவாக இருந்தார் என்றால், கியூபெக்குக்கு வெளியே இருந்த பிரெஞ்சுக்காரர்களுக்கு 1867 சட்டத்தில் ஏன் எதுவும் எழுதி வாங்கவில்லை?

கல்தச்சன்:

எழுதி வாங்கியது எது, வாங்காதது எது என்று பிரித்துப் பார்த்தால் லோரியே பற்றிய கேள்விக்கும் விடை வந்துவிடும்.

133-ஆம் பிரிவு: கனடா நாடாளுமன்றத்திலும் கியூபெக் சட்டமன்றத்திலும் இரண்டு மொழியிலும் பேசலாம், பதிவேடுகளும் சட்டங்களும் இரண்டிலும் இருக்க வேண்டும், கனடா அரசின் நீதிமன்றங்களிலும் கியூபெக் நீதிமன்றங்களிலும் எந்த மொழியிலும் வழக்காடலாம். ஒன்டாரியோ இதில் இல்லை. ஏராளமான அக்காடியர்கள் (கடல்மாகாணங்களின் பிரெஞ்சு மொழிக்காரர்கள்) வாழ்ந்த நியூ பிரன்ஸ்விக்கும் இல்லை. 80-ஆம் பிரிவோ கியூபெக்கின் 12 தொகுதிகளைப் பெயர் சொல்லிப் பட்டியலிட்டு, அந்த 12 உறுப்பினர்களில் பெரும்பாலோர் சம்மதிக்காமல் எல்லையை மாற்றக்கூடாது என்றது (1970-இல் கியூபெக் இதைச் செயலிழக்கச் செய்தது). அவை ஆங்கிலேயர் வலுவாக இருந்த தொகுதிகள். கால்ட் மேசையில் இருந்ததால் கியூபெக்கின் ஆங்கிலச் சிறுபான்மைக்கு இது கிடைத்தது. அக்காடியருக்காக அந்த மேசையில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

கார்த்தியேயின் குறி வேறு. சொத்து, உரிமையியல் சட்டம், பள்ளி ஆகியவை மாகாணத்தின் கையில் இருக்க வேண்டும், அந்த மாகாணத்தில் பிரெஞ்சுக்காரர் பெரும்பான்மையாக இருக்க வேண்டும். 1857-இல் அவர் தொடங்கிய உரிமையியல் சட்டத் தொகுப்பு 1866 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்திருந்தது. அதைக் காப்பதுதான் அவருக்கு முதல் வேலை. அது நடந்தது. ஆனால் மாகாணத்துக்குக் கொடுத்த அதே பூட்டு, பிரெஞ்சுக்காரர் சிறுபான்மையாக இருந்த மாகாணங்களில் அவர்களை வெளியே நிறுத்தியது.

பள்ளிக்கான 93-ஆம் பிரிவில் பலர் தடுமாறுவார்கள். அது காப்பது மதத்தை, மொழியை அல்ல. மனிடோபாவுக்கு 1870 சட்டத்தில் 22-ஆம் பிரிவு பள்ளிக்கு, 23-ஆம் பிரிவு மொழிக்கு என்று இரண்டும் தனித்தனியே இருந்தன. 1890-இல் மாகாண அரசு இரண்டையும் ஒரே ஆண்டில் தட்டிப்பறித்தது. பள்ளி வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் (அன்று கனடாவுக்கும் இறுதி மேல்முறையீட்டு நீதிமன்றம்) வரை இரண்டு முறை போனது. 1892-இல் மாகாணச் சட்டம் செல்லும் என்றார்கள். 1895-இல், சட்டம் செல்லும், ஆனாலும் சிறுபான்மையினர் தலைநகர் ஒட்டாவாவிலுள்ள கனடா அமைச்சரவையிடம் முறையிடலாம் என்றார்கள். ஒட்டாவாவின் பழமைவாத அரசு, பள்ளிகளை மீட்டுத் தரும் நிவாரண மசோதா கொண்டுவந்தது. நாடாளுமன்றத்தின் ஐந்தாண்டு முடிய இருந்த நேரம், எதிர்ப்பாளர்கள் பேசிப் பேசியே அதைக் காலாவதியாக்கினார்கள்.

எதிர்க்கட்சியான லிபரல் கட்சியின் தலைவர் லோரியே அந்த மசோதாவை எதிர்த்தார். ஆயர்கள் கொதித்தார்கள். ஆனால் இன்று மனிடோபாவை ஒட்டாவா வற்புறுத்தினால் நாளை கியூபெக்கையும் வற்புறுத்தலாம் என்ற அச்சத்தைக் கியூபெக் வாக்காளர்கள் புரிந்துகொண்டார்கள். 1896 ஜூன் 23 தேர்தலில் கியூபெக்கின் 65 இடங்களில் 49 அவருக்கு. பிறகு மனிடோபா முதல்வர் கிரீன்வேயோடு அதே ஆண்டு நவம்பரில் ஓர் உடன்பாடு. தனிப் பள்ளி கிடையாது. பொதுப் பள்ளியில் மாலை 3.30 முதல் 4 மணி வரை சமயக் கல்வி. நகரப் பள்ளியில் 40, கிராமப் பள்ளியில் 25 கத்தோலிக்கப் பிள்ளைகள் இருந்து பெற்றோர் கேட்டால் ஒரு கத்தோலிக்க ஆசிரியர். 10 பிள்ளைகளின் தாய்மொழி பிரெஞ்சாகவோ ஆங்கிலம் அல்லாத வேறு மொழியாகவோ இருந்தால் அந்த மொழியிலும் ஆங்கிலத்திலும் பாடம்.

கோளாறு அந்த "வேறு மொழி" என்ற இரண்டு சொல்லில் இருந்தது. பிரெஞ்சுக்கு மட்டும் என்று எழுதினால் கிரீன்வே ஒப்புக்கொள்ளவே முடியாது. பொதுவாக எழுதியதால் பிரெஞ்சு, அரசியல் சாசன உரிமை என்ற நிலையிலிருந்து இறங்கி, குடியேறிய பல மொழிகளில் ஒன்றாக ஆனது. அடுத்த இருபதாண்டில் ஜெர்மன், உக்ரைனியன், போலிஷ் பேசும் குடும்பங்களும் அதே விதியைப் பயன்படுத்தின. 1916-இல் மாகாண அரசு எல்லா இருமொழிப் பள்ளிகளையும் ஒரே சட்டத்தில் ஒழித்தது. அதே 1916-இல் ஒன்டாரியோ வழக்கிலும், 93-ஆம் பிரிவில் மொழிக்கு இடமில்லை என்று பிரிவி கவுன்சில் தெளிவாகச் சொல்லிவிட்டது.

வடதுருவம்:

கல்தச்சன் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். லோரியேயின் முறை எல்லாவற்றையும் பாதியாகப் பிரிப்பது. பிரிக்க முடிந்த பொருளில் அது ஓடியது. 1899-இல் தென்னாப்பிரிக்காவில் பிரிட்டன் நடத்திய போயர் போருக்குப் படை அனுப்பச் சொல்லி ஆங்கிலக் கனடா நெருக்கியது, கியூபெக் கூடாது என்றது. அவர் நாடாளுமன்றத்தைக் கூட்டாமல் அமைச்சரவை ஆணையால் முடித்தார்: 1,000 பேர் வரை, தன்னார்வலர் மட்டும், ஆயத்தச் செலவும் கப்பல் செலவும் மட்டுமே கனடாவுடையது, இதை முன்னுதாரணமாகக் கொள்ளக்கூடாது. லோரியேயின் கட்சியைச் சேர்ந்த கியூபெக் உறுப்பினர் ஆன்ரி பூராசா உடனே பதவி விலகி, 1900 ஜனவரியில் போட்டியின்றித் திரும்பி வந்தார். இருந்தும் ஆட்சி கவிழவில்லை.

பள்ளி நேரத்தைப் பிரிக்கலாம், படையின் அளவைப் பிரிக்கலாம். கட்டாய ராணுவ சேவையைப் பிரிக்க முடியாது. ஒரு பையனை அனுப்புகிறாய் அல்லது அனுப்பவில்லை. முதல் உலகப் போரின்போது, 1917-இல், பழமைவாதப் பிரதமர் போர்டன் கட்டாய சேவையைக் கொண்டுவரக் கூட்டணிக்கு அழைத்தபோது லோரியே மறுத்தார். சேர்ந்தால் கியூபெக் முழுவதும் பூராசாவிடம் போய்விடும் என்று அவருக்குத் தெரியும். டிசம்பர் தேர்தலில் போர்டனுக்கு 153 இடம், லோரியேக்கு 82, அதில் 62 கியூபெக்கிலிருந்து. ஆங்கிலம் பேசும் தன் கட்சிக்காரர்களில் பெரும்பகுதியை இழந்தார். 1918 ஈஸ்டர் வாரத்தில் கியூபெக் நகரக் கலவரத்தில் ராணுவம் சுட்டு நான்கு பேர் இறந்தார்கள்.

1917-இல் கியூபெக்குக்காகப் பேச அரசுப் பக்கத்தில் செல்வாக்குள்ள ஒரு பிரெஞ்சுத் தலைவர்கூட இல்லை. அன்றைக்கு உண்மையான ஓட்டை அதுதான். கார்த்தியே மாதிரி ஒருவர் உள்ளே இருந்திருந்தால் சட்டம் வந்திருக்காது என்று நான் சொல்லவில்லை. விலக்குகளும் காலக்கெடுவும் வேறு மாதிரி எழுதப்பட்டிருக்கும்.

நிலாமுற்றம்:

கடைசியாக ஒன்று. மனிடோபாவின் 22-ஆம் பிரிவுக்கு லண்டன் வரை போனவர்கள், மொழிக்கான 23-ஆம் பிரிவுக்கு ஏன் போகவில்லை?

ஏட்டுச்சுவடி:

போனார்கள், வென்றார்கள். யாரும் பொருட்படுத்தவில்லை. 1892-இல் ஒரு மாவட்ட நீதிமன்றம் 1890 மொழிச் சட்டம் செல்லாது என்றது. 1909-இல் இன்னொரு தீர்ப்பும் அதையே சொன்னது. மாகாண அரசு மேல்முறையீடும் செய்யவில்லை, கீழ்ப்படியவும் இல்லை, ஆங்கிலத்தில் மட்டும் சட்டம் அச்சிட்டுக்கொண்டே இருந்தது. மேல்முறையீடு செய்திருந்தால் மேலே ஒரு கட்டுப்படுத்தும் தீர்ப்பு வந்திருக்கும். அன்றைய தலைவர்களின் கவனம் முழுக்கப் பள்ளி மேல் இருந்தது, ஆயர்களின் அழுத்தமும் அங்கேதான்.

1976-இல் வின்னிபெக்கின் சான் போனிஃபாஸ் பகுதியில் ஜார்ஜ் ஃபோரே என்பவருக்கு ஆங்கிலத்தில் மட்டும் அச்சிட்ட வாகன நிறுத்த அபராதச் சீட்டு வந்தது. அதை எதிர்த்து அவர் தொடுத்த வழக்கில் 1979 டிசம்பரில் கனடா உச்சநீதிமன்றம் 1890 சட்டத்தைத் தள்ளுபடி செய்தது. 1985-இல் அதே நீதிமன்றம், 1890 முதல் ஆங்கிலத்தில் மட்டும் இயற்றிய மனிடோபா சட்டங்கள் எல்லாமே செல்லாதவை என்றது. உடனே ரத்து செய்தால் மாகாணமே சட்டமில்லாமல் போய்விடும் என்பதால், மொழிபெயர்த்து, இரண்டு மொழியிலும் மறுபடி இயற்றி, அச்சிடத் தேவைப்படும் குறைந்தபட்ச காலம் வரை மட்டும் அவற்றுக்குத் தற்காலிக உயிர் கொடுத்தது.